கண்ணாடி மாதிரி தண்ணீர், கவலைக்கிடமாய் மீன்

இந்த முறை கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், கல்வராயன்மலைப் பக்கத்துக் கடிதங்களை மட்டும் பிரித்தேன். எல்லோரும் ஒரே சிக்கலைத்தான் ஆளுக்கொரு பெயரில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் திருஷ்டி என்கிறார், ஒருவர் கிருமி என்கிறார், இன்னொருவர் கடைக்காரர்மேல் பழி போடுகிறார். ஏறக்குறைய எல்லாத் தொட்டியிலும் குற்றவாளி அமோனியாதான். கூட்டாளி, தொட்டிக்குச் சொந்தக்காரரின் பாசம்.

‘கோல்டுஃபிஷ் அப்பா’, தியாகதுருகம்

கே: மகள் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டியும் ஆறு கோல்டுஃபிஷ்ஷும் வாங்கினேன். பத்தாவது நாள் இரண்டு செத்துவிட்டன. மீதி நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, செவுள் சிவந்திருக்கிறது. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. கடைக்காரர் நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். ஊற்றலாமா?

ப: பாட்டிலைக் கீழே வையுங்கள். நோய் மீனுக்கு இல்லை, அது குடியிருக்கும் தண்ணீருக்கு.

சாப்பிட்ட புரதத்தில் மிஞ்சும் நைட்ரஜனை மீன் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியே விடுகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? பழகிய தொட்டி என்றால், ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிய பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கும். ஆனால் அந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்களோ தொட்டி வந்த அன்றே ஆறு பேரைக் குடிவைத்துவிட்டீர்கள். பத்தாவது நாள் என்பது அமோனியா உச்சிக்கு ஏறும் நேரம். வெளியே அமோனியா கூடிவிட்டால், உள்ளே இருப்பதை மீனால் வெளியேற்றவும் முடியாது. படிக்கட்டில் ஆள் தொங்கும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்ப்பவரின் கதிதான். ரத்தத்திலேயே விஷம் தேங்குகிறது, செவுள் வெந்துபோகிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. தீனியை நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கோல்டுஃபிஷ் சாகாது. தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் சொட்டு போட்டு ஊற்றுங்கள், அல்லது ஒரு நாள் முன்னதாகவே பக்கெட்டில் பிடித்து காற்றுக் குழாயை ஓடவிட்டு வையுங்கள். காற்று பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். லைட்டை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் கூட்டாதீர்கள். சூடு ஏற ஏற அமோனியாவின் வீரியமும் ஏறும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும்.

நாளைக்கும் தண்ணீர் மாற்றுங்கள். நாளை மறுநாளும். 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) அமோனியா இருந்தால் ஒரு முறை பாதி மாற்றினால் 2, மறுபடி மாற்றினால் 1, மூன்றாவது முறைக்கு அரை. இடையிலேயே மீன் விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வராது. அதனால்தான் தினமும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். பாக்டீரியா வந்து பொறுப்பேற்கும்வரை அந்த வேலை உங்கள் பக்கெட்டுக்கு. பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது ஊரில் இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். கடையில் விற்கும் பெரும்பாலான மருந்தைவிட அந்த அழுக்குத் துண்டு மேல். அவர் தொட்டியில் நோய் ஏதும் இல்லை என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீல மருந்து மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கும் மீன் முட்டைக்கும் தனி டப்பில் வைத்துக் கொடுக்க நல்ல மருந்து. தொட்டிக்குள் ஊற்றினால், இப்போதுதான் குடியேற ஆரம்பித்திருக்கும் பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடும்.

பிழைத்த மீன்களின் துடுப்பு ஓரத்தில் ஒரு வாரம் கழித்துக் கறுப்பாகத் திட்டு விழலாம். பயந்துபோய் மறுபடி கடைக்கு ஓடாதீர்கள். வெந்த தோல் ஆறும்போது கோல்டுஃபிஷ்ஷுக்கு வருவது அது. இன்னொன்று: இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலே 56 லிட்டர்தான். அதில் இரண்டு கோல்டுஃபிஷ்ஷே அதிகம். அடுத்த பிறந்தநாளுக்கு மகளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

‘வீடு திரும்பிய குடும்பம்’, சங்கராபுரம்

கே: நாலு நாள் திருப்பதி போயிருந்தோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியும் தீனி டப்பாவும் கொடுத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் டப்பா காலி, தொட்டியும் பாதி காலி. அக்கா மூன்று வேளையும் தவறாமல் போட்டார்களாம்.

ப: பாவம், நல்ல மனுஷி. கணக்கை அவர்களிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பது சதவீதம் புரதமுள்ள தீனியில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 64 மில்லிகிராம் நைட்ரஜன். அதில் பாதி அமோனியாவாக வெளியேறினாலே 50 லிட்டர் தொட்டியில் 0.6 பிபிஎம் ஏறும். தின்னாமல் அடியில் கிடந்து அழுகினால் அதற்கும் மேல். டப்பா முழுக்கக் கொட்டினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டீர்கள்.

வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கும். அடுத்த முறை அக்காவிடம் சாவியை மட்டும் கொடுங்கள், டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இப்போது அடியில் கிடக்கும் தீனியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலே தியாகதுருகம் அப்பாவுக்குச் சொன்னதைச் செய்யுங்கள். கல்லுக்கு அடியில் செத்த மீன் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணிக்கை குறைகிறது, உடல் கிடைக்கவில்லை என்றால் அதுதான் அமோனியா தொழிற்சாலை.

இல்லத்தரசி, கள்ளக்குறிச்சி

கே: மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண்திருஷ்டியை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்கிறார் என் மாமியார். உண்மையா?

ப: திருஷ்டியைப் பற்றி உங்கள் மாமியாரிடம் வாதாட எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு மீன் திருஷ்டி வாங்கிக்கொண்டு போகிறது என்றால், உங்கள் வீட்டை அவ்வளவு பேர் பார்க்கிறார்களா, அல்லது மாமியார் தினமும் இட்லியைப் பிட்டுப் போடுகிறாரா என்று ஒரு முறை கவனியுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சின்னசேலம்

கே: இரண்டு வருஷமாக ஒரு சாவு இல்லாமல் தொட்டி வைத்திருந்தேன். கேன் தண்ணீர்தான் ஊற்றுவேன், வற்ற வற்ற நிரப்புவேன். மீன்கள் கொஞ்ச நாளாகச் சோர்ந்திருக்கின்றனவே என்று போன ஞாயிறு பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு போர் தண்ணீர் விட்டேன். மாலைக்குள் எல்லாம் போய்விட்டன. பாதி மாற்று என்று எல்லோரும் சொல்வதைத்தானே செய்தேன்?

ப: ஐயா, இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லவும் முடியாது, சரி என்று சொல்லவும் முடியாது. தொட்டியின் வயது தெரியாமல் கொடுக்கிற ‘பாதி மாற்று’ யோசனைதான் தப்பு.

தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், மீனுக்கு அநேகமாகத் தொல்லை தராது. இன்னொன்று அமோனியா வாயுவாகவே கரைந்திருப்பது; செவுளுக்குள் நேரே நுழையும் விஷம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச்சும் (தண்ணீரின் அமில-கார அளவு) சூடும். 28 டிகிரியில் பிஎச் 6 என்றால் மொத்தத்தில் 0.07 சதவீதம்தான் விஷ வடிவம். பிஎச் 7 என்றால் 0.7. பிஎச் 8 என்றால் 6.5 சதவீதம். பிஎச் 9 என்றால் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். அமோனியாவை மாற்றும் பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரில் அமிலம் சேரும். அதைச் சமன்செய்யக் காரத்தன்மை வேண்டும். கேன் தண்ணீரில் அதையெல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டுத்தான் நமக்கு விற்கிறார்கள். வற்றியதை நிரப்பினீர்களே தவிர, பழையதை எடுக்கவில்லை. ஆகவே மாதாமாதம் பிஎச் இறங்கியிருக்கும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவும் வேலைநிறுத்தம். அமோனியா சேர ஆரம்பித்திருக்கும், ஆனால் அம்மோனியமாக, சாதுவாக. மீன்கள் சோர்ந்தனவே தவிரச் சாகவில்லை. அந்த நேரத்தில் நம் பாறைப் பூமியின் கடினமான போர் தண்ணீர் வந்து விழுந்தது.

உதாரணத்துக்கு 4 பிபிஎம் அமோனியா, பிஎச் 6 என்று வைத்துக்கொள்வோம். விஷ வடிவம் 0.003 பிபிஎம்கூட இல்லை. பாதி மாற்றியபின் மொத்தம் 2 பிபிஎம்தான். ஆனால் பிஎச் 8-க்கு ஏறிவிட்டால் விஷ வடிவம் 0.13. அளவு பாதியானது, விஷம் நாற்பது மடங்குக்கு மேல் கூடியது. 0.05 போதும், செவுள் கெடத் தொடங்க.

பழைய தொட்டியைக் காப்பாற்றும் முறை வேறு. முதலில் பிஎச் பாருங்கள். 6.5-க்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் இப்படியே போகட்டும். அதுவரை தீனியும் நிறுத்தம். அமோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் திரவம் கிடைத்தால், மாற்றும் தண்ணீரோடு சேர்த்து ஊற்றலாம். சாதாரண ஆன்டி-குளோரினுக்கு அந்தச் சக்தி கிடையாது, லேபிளில் அமோனியா என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புதிதாகத் தொடங்கும்போது போர் தண்ணீரையே பிடித்து ஒரு நாள் காற்றூட்டி ஊற்றுங்கள். ரொம்பக் கடினமாக இருந்தால் மட்டும் பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலக்கலாம். மீன் குடிக்கத் தூய்மையான தண்ணீர் கேட்கவில்லை, நாளைக்கும் இன்று போலவே இருக்கிற தண்ணீரைக் கேட்கிறது.

ஐ.டி.ஐ. மாணவர், கள்ளக்குறிச்சி

கே: டெஸ்ட் கிட் விலை அதிகம். மூக்கால் முகர்ந்து கண்டுபிடிக்க முடியாதா அண்ணா?

ப: உன் மூக்குக்குத் தெரியுமளவு அமோனியா தொட்டியில் இருந்தால், மீன் ஏற்கெனவே குழம்புக்கும் ஆகாத நிலையில் இருக்கும். 1 பிபிஎம் வாசனை அடிக்காது, நிறம் காட்டாது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சொட்டு மருந்து வகைக் கிட் ஒன்று வாங்குங்கள், வருஷக் கணக்கில் வரும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார். பிஎச் கிட்டும் கூடவே வேண்டும். ஏன் என்று மேலே தலைமையாசிரியருக்குச் சொல்லியிருக்கிறேன், படி.

மளிகைக் கடைக்காரர், மூங்கில்துறைப்பட்டு

கே: உப்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே? ஜியோலைட் கல்லும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் போடட்டுமா?

ப: உப்பு விற்பவரே கேட்கிறீர்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உப்பு அமோனியாவைத் தொடாது. ஜியோலைட் தொடும், நன்னீரில் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் வேடிக்கை: உப்பிலுள்ள சோடியம் போய் உட்கார, பிடித்து வைத்த அம்மோனியத்தை ஜியோலைட் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும். அந்தக் கல்லைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதே இதனால்தான். ஏதாவது ஒன்று, அதுவும் தண்ணீர் மாற்றியபின். உப்புக்கு உரிய நேரம் இன்னும் இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

அரசு ஊழியர், உளுந்தூர்பேட்டை

கே: ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் துவைக்கிறேன். இவ்வளவு சுத்தமாக வைத்தும் திங்கட்கிழமை மீன் மந்தமாகிறது.

ப: திங்கட்கிழமை மந்தமாவது அரசு ஊழியர் வீட்டு மீனுக்குச் சகஜம்தானே என்று எழுதப் போனேன், வேண்டாம். வாராவாரம் நீங்கள் துவைத்து வெளியேற்றுவது அழுக்கை அல்ல, வேலைக்காரப் பாக்டீரியாவை. சோப்பு கூடவே கூடாது, குளோரின் குழாய்த் தண்ணீரும் கூடாது. தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே மாதம் ஒரு முறை பிழிந்து போடுங்கள், போதும். ஸ்பாஞ்ச் பழுப்பாக, வழவழவென்று இருக்க வேண்டும்.

கல்லூரி மாணவி, சங்கராபுரம்

கே: புதுத் தொட்டி, மூன்றாவது வாரம். அமோனியா பூஜ்யம் காட்டுகிறது. ஆனாலும் மீன்கள் மேலே வந்து திணறுகின்றன, செவுள் காப்பி நிறத்தில் இருக்கிறது.

ப: முதல் பாக்டீரியா வந்துவிட்டது, இரண்டாவது இன்னும் வரவில்லை. நடுவில் நைட்ரைட் குவிந்து கிடக்கிறது. அது ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும், ரத்தமே பழுப்பாகிவிடும். இங்கேதான் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில், வேறு பாத்திரத்தில் கரைத்து, சில மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். தொட்டியில் செடியோ, செதிலில்லாத கெளுத்தி வகையோ இருந்தால் அதில் பாதியோடு நிறுத்துங்கள். தண்ணீர் மாற்றுவதும் தொடரட்டும். மாற்றிய தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டும்.

இதே கோளாறு மனிதருக்கு வந்தால் மருத்துவமனையில் ஊசிமூலம் ஏற்றும் மருந்து எது தெரியுமா? நான் இவ்வளவு நேரம் வைத அதே மெத்திலீன் புளூ. ரொம்பத் திணறும் மீனைத் தனி டப்பில் விட்டு அதைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

டீக்கடை உரிமையாளர், வெள்ளிமலை

கே: ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி மீன் நானும் கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் தம்பியும் வாங்கினோம். அவன் தொட்டியில் எல்லாம் செத்துவிட்டன, என்னுடையது நன்றாக இருக்கிறது. மலைத் தண்ணீரின் மகிமைதானே?

ப: மகிமையில் பாதி குளிருக்குப் போகட்டும். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி உயரம். உங்கள் கடைத் தொட்டி 20 டிகிரியில் இருக்கும்போது, கீழே தம்பியின் ஹாலில் தொட்டி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதே பிஎச் 8, அதே அமோனியா என்றாலும், உங்கள் பக்கம் விஷ வடிவம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவர் பக்கம் ஏழரை. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்தோடு மீன் குளிரில் குறைவாகத் தின்கிறது, குறைவாக விடுகிறது.

தம்பியிடம் ரொம்பப் பெருமையடிக்க வேண்டாம். குளிரில் பாக்டீரியாவும் சோம்பேறிதான். அவருக்கு ஒரு மாதத்தில் பழகும் தொட்டி உங்களுக்கு இரண்டு மாதம்கூட இழுக்கலாம். பங்குனி வெயில் வரும்போது கவனமாக இருங்கள். கடைக்கு வருபவர்கள் வருக்கியையும் பிஸ்கட்டையும் பிட்டுப் போடாமல் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும்.

மாணவர், கச்சிராயபாளையம்

கே: மலையோடையில் பிடித்த குட்டி மீன்கள் தொட்டியில் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. என்ன மருந்து போடலாம்?

ப: ஓடைதான் மருந்து. ஓடுகிற தண்ணீரில், கல்லில் மோதிக் கிடைக்கும் ஆக்சிஜனில் வளர்ந்தவை. தேங்கிய தண்ணீர், அதில் அமோனியா, கூடவே உன் வீட்டுச் சூடு. மூன்றையும் எப்படித் தாங்கும்? அப்படியே ஓடையில் விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து பார். காப்புக்காட்டுக்குள் வலையோடு போனால், வனத்துறைக்காரர் உனக்கென்று தனியாக ஒரு கேள்வி-பதில் பகுதி நடத்துவார்.

‘தினம் ஒரு கரண்ட் கட்’, சின்னசேலம்

கே: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலை 5 மணிக்குத்தான் மின்சாரம் வருகிறது. மறுநாள் மீன் சோர்ந்துபோகிறது.

ப: அறிவிப்பு முன்கூட்டியே வருகிறது இல்லையா? அன்றைக்குத் தீனி கிடையாது. இது முதல் விதி. மூடிய டப்பா வகை ஃபில்டராக இருந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்து அழுகும். மாலையில் கரண்ட் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் பாயும். எனவே காலையிலேயே ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் நல்லது. இல்லையென்றால் மணிக்கொரு தடவை ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அந்த வேலைக்கு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

‘கொளத்தூர் பயணி’, கள்ளக்குறிச்சி

கே: சென்னை கொளத்தூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று இருபது மோலி வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தேன். வழியெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. வீட்டில் பையைத் திறந்து, பழகட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சேர்த்தேன். பைக்குள்ளேயே துடித்துச் செத்தன.

ப: பையில் ஐந்தாறு மணி நேரம் மூச்சுவிட்டதில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அமோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் இறங்கிய பிஎச்சில் அது சாது. உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை மீன் நன்றாக இருந்ததன் ரகசியம் இதுதான். பையைத் திறந்தீர்கள், கார்பன் டை ஆக்சைடு பறந்தது, பிஎச் ஏறியது, சாது சண்டைக்கு வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் மேலும் ஒரு மணி நேரம் வைத்திருந்தது கருணை அல்ல.

நெடுந்தூரம் வந்த பையைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன்செய்யுங்கள். பிறகு திறந்த உடனே வலையில் வடித்து மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தென்னை மரத்துக்கு.

மீன் வளர்க்கும் விவசாயி, ரிஷிவந்தியம்

கே: பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. கோழி எரு போட்டதிலிருந்து மீன் சரியில்லை, ஒன்றிரண்டு செத்து மிதக்கிறது. சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

ப: சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள்! முதலில் ஒரு விவரம் வேண்டும்: எத்தனை மணிக்குத் திணறுகிறது?

விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை. இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும். மதியம் இரண்டு மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதும் மீன் சுற்றுகிறது, ஓரம் ஒதுங்குகிறது என்றால் அமோனியாமேல் சந்தேகப்படலாம். பச்சைத் தண்ணீரில் பாசி வெயிலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் மதியத்தில் பிஎச் 9-ஐத் தாண்டும். அந்த நேரத்தில் மொத்த அமோனியாவில் 40 சதவீதம் விஷ வடிவம். நெல் வயலில் நின்ற தண்ணீரில் யூரியா தூவிய இரண்டு நாளில், உச்சி வெயிலில் சத்து காற்றோடு போய்விடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். போவது இதே அமோனியா, போக வைப்பதும் இதே பிஎச். வயலில் நட்டம் உங்களுக்கு, குட்டையில் மீனுக்கு.

இந்த நிலையில் நீற்றிய சுண்ணாம்பைத் தூவினால் பிஎச் இன்னும் ஏறும். மிச்சமிருக்கும் மீனையும் நீங்களே அடித்த மாதிரி. எருவையும் தீனியையும் இன்றே நிறுத்துங்கள். போர் தண்ணீரைத் தெறிக்கும்படி உயரத்திலிருந்து பாய்ச்சி, அடித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி கரும்புக்கோ நெல்லுக்கோ விடுங்கள், உரச் செலவு மிச்சம். இரவில் மோட்டார் வைத்துக் குட்டைத் தண்ணீரையே எடுத்துக் குட்டையில் தெளிக்கலாம். சுண்ணாம்புக்கு வேலை உண்டு. மீன் விடுவதற்கு முன், குட்டையைக் காயப்போட்டுத் தயார் செய்யும்போது.

பிளஸ் டூ மாணவி, கள்ளக்குறிச்சி

கே: அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தது யார்?

ப: ரஷ்யாவின் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890-இல் அவற்றைப் பிரித்தெடுத்தார். மண்ணை ஆராய்ந்தவர், மீன் தொட்டியை அல்ல. இரண்டு கட்ட வேலைக்கும் தனித்தனிப் பாக்டீரியா என்றுதான் நூறு ஆண்டுக்கு மேல் பாடம் நடந்தது. 2015-இல், இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் நைட்ரோஸ்பைரா வகையைக் கண்டுபிடித்தார்கள். தேர்வில் பழைய பதிலையே எழுது. தொட்டியில் எது இருந்தாலும் ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுத் துவைக்காதே.

செய்தி வாசிப்பவர், திருக்கோவிலூர்

கே: எண்ணூரில் கசிந்ததும் இதே அமோனியாதானா?

ப: அதேதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. உங்கள் தொட்டி மீனுக்கு ஓடத் தெரு இல்லை.

‘மனசு கேட்கவில்லை’, கச்சிராயபாளையம்

கே: டேங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் ஒரு மீன் வாங்கினேன், முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. அது போடும் கழிவில் அமோனியா இறங்கவே மாட்டேன் என்கிறது. கொல்ல மனசு வரவில்லை. பக்கத்தில்தானே கோமுகி அணை, விட்டுவிடலாமா?

ப: கூடாது. அது தென் அமெரிக்கச் சரக்கு, ஓடு போன்ற உடம்பு, முள்ளாலான துடுப்பு. நம் நீர்நிலைகளில் புகுந்தால் கரையைத் துளைத்து முட்டையிடும், நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கும், மீனவர் வலையைக் கிழிக்கும். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் இந்தக் கதை ஏற்கெனவே நடக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பணம் கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யப் பிறந்த மீன் என்று உலகத்தில் எதுவும் இல்லை. எல்லா மீனும் தின்னும், எல்லா மீனும் கழியும், சுத்தம் செய்வது உங்கள் வேலை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது தொட்டியின் நீள, அகல, உயரம், தொட்டிக்கு எத்தனை மாதம், எத்தனை மீன், என்ன தண்ணீர், கடைசியாக எப்போது எவ்வளவு மாற்றினீர்கள், அமோனியா எவ்வளவு, பிஎச் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். ‘நேற்றுவரை நல்லாத்தான் இருந்துச்சு சார்’ என்று மட்டும் எழுதினால் என்னால் துக்கம் விசாரிக்கத்தான் முடியும்.